வின்சை எங்கே பூட்டுவது? பஞ்சிகாவத்தைப் பட்டறை ஒன்றின் வேலை குறித்து

கொழும்பில் வின்ச், அதாவது கயிற்றைச் சுற்றி வாகனத்தை இழுக்கும் பொறி, வாங்குவது கடினமான காரியமன்று. பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் புதியதும் பாவித்ததுமாகப் பல வகைகள் கிடைக்கின்றன. பெட்டியின் மேல் அதன் இழுவலு 6000 இறாத்தல், 9500 இறாத்தல், 12000 இறாத்தல் என்று பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். பேரம் பேசத் தெரிந்தவர் நியாயமான விலைக்கு வாங்கிவந்துவிடலாம். ஆனால் வாங்கியதை வாகனத்தின் எந்த இடத்தில் பூட்டுவது என்று கேட்டால், இடவசதி எங்கே இருக்கிறதோ அங்கே பூட்டுங்கள் என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். அந்தப் பதிலோடு நின்றுவிடாத ஒரு பட்டறையைப் பற்றியது இம்மதிப்பீடு. பஞ்சிகாவத்தையிலிருந்து மாளிகாவத்தைப் பக்கமாகத் திரும்பும் ஒரு சந்துக்குள், பெயர்ப்பலகையில்லாமல் இயங்கும் வெல்டிங் பட்டறை அது. கொட்டாஞ்சேனையில் உள்ள எங்கள் கராஜுக்காக அவர்கள் இரண்டு வேலைகளைச் செய்து தந்தார்கள். பழுதான வாகனங்களை ஏற்றிவரும் இரட்டை அச்சு ட்ரெய்லருக்கு 6000 இறாத்தல் வின்ச் ஒன்றும், தட்டையான தளமுள்ள இசுசு எல்ஃப் லொறிக்கு 9500 இறாத்தல் வின்ச் ஒன்றும் அவர்கள் கையால் பூட்டப்பட்டன. வின்சுகள் இரண்டையும் நாங்களே வேறிடத்தில் வாங்கிக் கொடுத்தோம். இங்கே மதிப்பிடப்படுவது பூட்டிய வேலையும் அதற்கு முன் அவர்கள் எடுத்த முடிவுகளும் மாத்திரமே.

2020 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலம் முழுவதும் இருந்த வேன்களையே எல்லோரும் ஓட்டினார்கள். அவற்றில் பல இன்னும் ஓடுகின்றன. எங்களிடம் வருபவற்றில் பெரும்பாலானவை டொல்பின், கேடிஎச் என்று நாம் அழைக்கும் ஹைஏஸ் வேன்கள். அவை வழியில் நிற்கும்போது இயந்திரம் மட்டும் பழுதாகியிருப்பதில்லை. பிரேக் இறுகி, சக்கரம் சுற்றாமல் கிடப்பவையும் உண்டு. வின்ச் பூட்டும் இடத்தைத் தீர்மானிக்கும்போது இந்தப் பிந்திய வகையையே மனத்தில் வைக்க வேண்டும் என்பதைப் பட்டறையில் எங்களுக்கு முன்பே நினைத்திருந்தார்கள்.

பட்டறையின் மூத்த பாஸ் முதல் நாளன்று வின்சின் பெட்டியைத் திறக்கவேயில்லை. ட்ரெய்லரையும் வழமையாக ஏற்றும் வேன் ஒன்றையும் கொண்டுவரச் சொன்னார். சரிவுப் பலகைகளை இறக்கி, வேனை அவற்றின் அடியில் நிறுத்தி, வேனின் முன்புற இழுவை வளையத்தில் மேசன்மார் பாவிக்கும் நூலைக் கட்டி, அதன் மறுமுனையை ட்ரெய்லரின் முன்பக்கம் வரை இழுத்துப் பிடித்தார். "எத்தனை இறாத்தல் என்பதைப் பிறகு பார்ப்போம், தம்பி. முதலில் நூல் எங்கே முட்டுகிறது என்று பாருங்கள்" என்றார். நூல் தளத்தின் பின்விளிம்பில் முட்டி மடங்கியது. அதன் பின் அரை மணி நேரத்துக்கு மேலாக அந்த நூலை உயர்த்தியும் தாழ்த்தியும் பார்த்ததுதான், எனது பார்வையில், இந்தப் பட்டறை செய்த வேலையில் மிகப் பெறுமதியான பகுதி.

எங்கள் ட்ரெய்லரின் தளம் நிலத்திலிருந்து ஏறத்தாழ 600 மில்லிமீற்றர் உயரமும் 5 மீற்றர் நீளமும் கொண்டது. சரிவுப் பலகைகள் 2.3 மீற்றர் நீளமானவை. வேனின் இழுவை வளையம் நிலத்திலிருந்து சுமார் 400 மில்லிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே வேன் கீழே நிற்கும்போது கொழுக்கி மாட்டும் புள்ளி, தளத்தின் மட்டத்துக்கு 200 மில்லிமீற்றர் கீழே அமைகிறது. அங்கிருந்து புறப்படும் கம்பிக் கயிறு, பின்விளிம்பை உரசாமல் அதற்கு 50 மில்லிமீற்றர் மேலாகக் கடந்து செல்ல வேண்டுமாயின், அதே கோட்டை முன்புறம் வரை நீட்டிப் பார்க்கும்போது வின்ச் தளத்துக்கு மேலே ஏறத்தாழ 600 மில்லிமீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும் என்று வருகிறது. தளத்தோடு ஒட்ட வைத்துப் பூட்டினால் ஒவ்வொரு ஏற்றத்திலும் விளிம்பு கயிற்றைத் தின்னும். அவ்வளவு உயரத்தில் பூட்டினாலோ வின்சைத் தாங்கும் கம்பத்தின் அடிப்பகுதி அதிகமாக வளைக்கப்படும். அதோடு, வேன் மேலே ஏறி வின்சை நெருங்கும்போது கயிறு அதன் மூக்கை மேல்நோக்கித் தூக்கப் பார்க்கும்.

அவர்கள் தேர்ந்தெடுத்தது நடுவழி. வின்ச் தளத்துக்கு மேலே 350 மில்லிமீற்றரில் வைக்கப்பட்டது. இரண்டு சரிவுப் பலகைகளுக்கும் இடையில், தளத்தின் பின்விளிம்பில், ஒரு தடித்த இரும்புக் குழாய் ரோலராகப் பூட்டப்பட்டது. வேன் கீழே நிற்கும்போது கயிறு அந்த ரோலரின் மேல் சுமார் 3 பாகை மாத்திரமே மடங்குகிறது. இவ்வளவு சிறிய மடிப்பில் ரோலர் தாங்கும் சுமை இழுவிசையில் 5 வீதமளவே; ஆகையால் அதற்கு விலையுயர்ந்த பெயரிங் எதுவும் தேவைப்படவில்லை, கிரீஸ் இடக்கூடிய சாதாரண புஷ் போதுமாயிற்று. வேன் சரிவில் பாதி ஏறியதும் கயிறு தானாகவே ரோலரை விட்டு எழுந்துவிடுகிறது. வேன் தளத்தின் மேல் முழுமையாக வந்தபோது கொழுக்கியும் வின்சும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கின்றன. முன்புறம் ஏறக்குறைய ஒரு மீற்றர் இடைவெளியையும் விட்டிருக்கிறார்கள். வேனின் மூக்கு வின்சில் இடிக்காமல் இருப்பதற்கும், ரிமோட்டைப் பிடித்தவர் பக்கவாட்டில் விலகி நிற்பதற்கும் அந்த இடைவெளி உதவுகிறது.

இந்தச் சரிவு ஏறத்தாழ 15 பாகை. சுமார் 1800 கிலோகிராம் நிறையுள்ள வேன் ஒன்றின் சக்கரங்கள் தடையின்றிச் சுற்றுமானால், அதை மேலே இழுக்க 500 கிலோகிராம் விசை போதும். சக்கரங்கள் இறுகிவிட்டால், இறப்பர் இரும்பின் மேல் உராய்ந்து வரவேண்டியிருப்பதால், அதே வேனுக்கு 1500 கிலோகிராம் அளவில் தேவைப்படும். வின்சின் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் வலு, கயிறு சுற்றப்படும் உருளையான டிரம்மில் முதலாவது அடுக்குக் கயிறு மாத்திரம் இருக்கும்போது கிடைப்பது என்பதை வாங்குபவர்களில் பலர் கவனிப்பதில்லை. அடுக்குகள் ஏற ஏற டிரம்மின் விட்டம் பெருகி, இழுவிசை குறைகிறது. நான்காவது அடுக்கில் அது முதல் அடுக்கில் இருந்ததன் 60 வீதமளவுக்கு இறங்கிவிடக்கூடும். 4500 இறாத்தல் வின்சை, அதாவது ஏறத்தாழ 2040 கிலோகிராம் இழுக்கும் ஒன்றை, இந்த ட்ரெய்லரில் பூட்டியிருந்தால் இறுகிய வேனுக்கு அது போதாமல் போயிருக்கும். 6000 இறாத்தல் என்பது 2720 கிலோகிராம்; அதன் 60 வீதம் 1630. எல்லையைத் தாண்டவில்லை, ஆனால் பெரிய மிச்சமும் இல்லை.

பூட்டும் இடத்துக்கும் கயிற்றின் நீளத்துக்கும் உள்ள தொடர்பு இந்த இடத்தில்தான் தெரியவருகிறது. வின்சோடு வரும் கயிறு 25 மீற்றருக்கு மேல் நீளமானது. எங்கள் ட்ரெய்லரின் முன்புறத்திலிருந்து வேனின் கொழுக்கி வரை ஏழெட்டு மீற்றர்தான். முழுக் கயிற்றையும் வைத்துக்கொண்டால், தேவையானதை வெளியே இழுத்த பின்னரும் டிரம்மில் இரண்டு மூன்று அடுக்குகள் மிச்சமிருக்கும். வின்ச் தன் முழு வலுவை ஒருபோதும் காட்டாது. பட்டறையில் கயிற்றை 15 மீற்றராக வெட்டி, முனையில் புதிய வளையம் அழுத்திப் பொருத்தித் தந்தார்கள். இப்போது வேன் சரிவின் அடியில், வலு அதிகம் தேவைப்படும் கட்டத்தில், டிரம்மில் கீழ் அடுக்குகளே எஞ்சியிருக்கின்றன. மேல் அடுக்கு சேரும்போது வேன் சமதளத்துக்கு வந்துவிடுகிறது. எவ்வளவு நீளமாக வெளியே விட்டாலும் கம்பிக் கயிறாயின் குறைந்தது ஐந்து சுற்று டிரம்மில் எஞ்சியிருக்க வேண்டும் என்பதையும் அவர்களே நினைவூட்டி, அந்த இடத்தில் கயிற்றுக்குச் சிவப்பு நிறம் பூசியிருந்தார்கள்.

வின்சைத் தாங்கும் கம்பம் ட்ரெய்லரின் முன்புற முக்கோணச் சட்டத்தின் மேல் எழுகிறது. 1500 கிலோகிராம் விசை பின்னோக்கி இழுக்கும்போது கம்பத்துக்கு ஒரு சாய்வுத் தாங்கி கட்டாயம் வேண்டும். நான் பார்த்த பல ட்ரெய்லர்களில் அந்தத் தாங்கியைக் கம்பத்தின் பின்னால், தளத்தின் பக்கமாக முட்டுக்கொடுத்திருப்பார்கள்; அது தளத்தில் இடத்தைப் பிடிக்கும், ஏற்றப்பட்ட வாகனத்தின் பம்பரிலும் முட்டும். இவர்கள் கம்பத்தின் உச்சியிலிருந்து முன்னோக்கி, ட்ரெய்லரை இழுக்கும் வாகனத்தோடு இணைக்கும் கப்ளிங்கின் பக்கமாக இரண்டு பட்டைகளை இறக்கி ஒட்டியிருக்கிறார்கள். முன்புறத்தில் இருக்கும் தாங்கி, இழுபடும் விசையையே தாங்குகிறது; இரும்பு நசுக்கப்படும்போது வளைந்து கொடுக்கலாம், இழுக்கப்படும்போது நேராக நிற்கும். 10 மில்லிமீற்றர் தகடு, 100 மில்லிமீற்றர் சனல் இரும்பு, தலையில் 8.8 என்று அடிக்கப்பட்ட போல்ட்டுகள். தரக்குறி இல்லாமல் நிறுத்து விற்கப்படும் போல்ட்டுகளை நாங்கள் கொண்டுபோயிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். பழைய சோனகத் தெருவில் எந்த வகையான கடையில் வாங்க வேண்டும் என்று முன்னதாகவே சொல்லிவிட்டார்கள்.

ட்ரெய்லரின் முன்புறத்தில் எதைப் பூட்டினாலும் அதன் நிறையில் பெரும்பகுதி கப்ளிங்கின் மேல் இறங்கும். வின்ச், கம்பம், பற்றரி ஆகிய மூன்றும் சேர்ந்து எங்களுடையதில் ஏறத்தாழ 75 கிலோகிராம். அதில் 60 கிலோகிராமளவு இழுக்கும் வாகனத்தின் பின்புறத்துக்குப் போகிறது. சுமையோடு கூடிய ட்ரெய்லரின் மொத்த நிறையில் 10 முதல் 15 வீதம் வரை கப்ளிங்கில் இருப்பது ஓட்டத்துக்கு நல்லது என்பதால், இது பாதகமன்று. வேன்களை முன்னர் நிறுத்திய இடத்திலிருந்து சற்றே பின்தள்ளி நிறுத்துகிறோம், அவ்வளவுதான். ஆனால் சிறிய கார்களைக் கொண்டு இழுக்கும் இலகுரக ட்ரெய்லர் வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கைப் போடாமல் கனமான மின்சார வின்சை முன்னால் ஏற்றக்கூடாது. அவர்களுக்குக் கையால் சுற்றும், பிரேக் உள்ள வின்சே போதுமானது என்று பாஸ் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது. வியாபாரத்தை இழக்கும் அறிவுரையைத் தயங்காமல் சொல்லும் பட்டறைகள் கொழும்பில் மிகுதியாக இல்லை.

ட்ரெய்லருக்கான வின்சை, ட்ரெய்லரை இழுக்கும் லொறியின் பின்புறத்திலேயே பூட்டிவிட்டால் ஒரே வின்ச் இரண்டுக்கும் உதவுமே என்று நாங்கள் கேட்டோம். கேள்வி மலிவானதன்று, ஒரு வின்சின் விலை மிச்சமாகும். பதில் விரிவாக வந்தது. வின்ச் ட்ரெய்லரில் இருக்கும்போது, வேன் சரிவில் ஏறும் விசையின் பெரும்பகுதி ட்ரெய்லருக்குள்ளேயே சுற்றி முடிந்துவிடுகிறது. கயிறு ட்ரெய்லரைப் பின்னால் இழுக்க, சரிவுப் பலகையின் மேல் நிற்கும் வேன் அதை முன்னால் தள்ளுகிறது. லொறியில் இருந்தால் அந்தச் சமநிலை குலைகிறது. லொறியும் ட்ரெய்லரும் நேர்கோட்டில் நிற்காத ஒவ்வொரு தடவையும் கயிறு கோணலாக வரும். கொழும்பின் ஒழுங்கைகளில் அவை நேர்கோட்டில் நிற்பதே அபூர்வம். அதே வேளையில், ட்ரெய்லர் வின்சைக் கொண்டு பள்ளத்தில் விழுந்த வாகனத்தை இழுப்பதும் நல்லதன்று என்று எச்சரித்தார்கள். வாகனம் சரிவுப் பலகைக்கு வராமல் நிலத்திலேயே கிடக்கும்வரை இழுவிசை முழுவதும் கப்ளிங் வழியாக லொறிக்கே போகிறது. அவ்வேலைக்கு லொறியின் செசியில், அதாவது அடிச்சட்டத்தில், பூட்டிய வின்ச் வேண்டும்.

எல்ஃப் லொறியின் வேலையில் எங்களுக்கும் அவர்களுக்கும் கருத்து வேறுபாடு எழுந்தது. தளத்தின் முன்புறத்தில், கபினுக்குப் பின்னால் நடுவில், எங்கள் கருவிப் பெட்டியும் உதிரிச் சக்கரமும் இருந்தன. வின்சை இடது மூலையில் பூட்டி, கயிற்றை ஒரு கப்பி வழியாக நடுவுக்குத் திருப்பிவிட விரும்பினோம். பாஸ் இணங்கவில்லை. கயிறு 90 பாகை திரும்பும் இடத்தில் கப்பி தாங்கும் விசை, வின்ச் இழுப்பதைப் போல் 1.4 மடங்கு, ஆகவே வின்சுக்குச் செய்யும் தாங்கியை விட வலுவான தாங்கியைக் கப்பிக்குச் செய்ய வேண்டும், அதுவும் தளத்தின் நடுவில், உதிரிச் சக்கரத்தை அகற்றிய பிறகே. அப்படியானால் அந்த இடத்தில் வின்சையே பூட்டிவிடலாம் என்ற அவரது வாதத்துக்கு எங்களிடம் மறுமொழி இருக்கவில்லை. கருவிப் பெட்டி பக்கவாட்டுக்குப் போனது. அதற்கான செலவு எங்களுடையது என்பது வேறு கதை.

தளத்துக்குக் கீழே மறைத்துப் பூட்டி, தகட்டில் வெட்டிய துளை வழியாகக் கயிற்றை மேலே எடுக்கும் முறையையும் அவர்கள் வரைந்து காட்டினார்கள். தளம் முழுவதும் பாவனைக்குக் கிடைக்கும் என்பது அதன் கவர்ச்சி. ஆனால் டிரம் கண்ணுக்குத் தெரியாது. கயிறு ஒரு பக்கமாகக் குவிந்து ஏறுவதை எவரும் கவனிக்கமாட்டார்கள். கயிறு டிரம்மில் ஒழுங்காகப் பரவ வேண்டுமாயின் அதன் கோணல் 1.5 பாகைக்குள் இருப்பது நல்லது. 230 மில்லிமீற்றர் அகலமான டிரம்முக்கு, கொழுக்கி 4.4 மீற்றருக்கு அப்பால் இருக்கும்போதே அது சாத்தியம். லொறித் தளத்தில் வாகனம் நெருங்கி வரவர அந்தத் தூரம் குறைந்து, கயிறு ஒரே ஓரத்தில் குவியத் தொடங்கும். அதைப் பார்த்து நிறுத்தி, வாகனத்தைச் சற்றே திருப்பிச் சரிசெய்ய டிரம் கண்ணெதிரே இருக்க வேண்டும். மேலும் மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவமழையில் கொழும்பு வீதிகளின் சேற்று நீர் முழுவதும் லொறியின் அடியில்தான் அடிக்கிறது. மறைத்துப் பூட்டும் முறையை நாங்கள் கைவிட்டது சரியான முடிவு.

வின்ச் இப்போது தளத்தின் முன் தடுப்புத் தகட்டைத் தொடாமல், தளத்தின் அடியில் உள்ள இரண்டு நீளச் சட்டங்களை இணைக்கும் ஒரு குறுக்குச் சனலின் மேல் உட்கார்ந்திருக்கிறது. முன் தடுப்பு சரக்கு முன்னால் சரியாமல் பிடிப்பதற்கானது, இழுவிசையைத் தாங்குவதற்கானதன்று. லொறியின் செசியில் புதிதாக ஒரு துளையும் போடவில்லை, ஒட்டவும் இல்லை. செசியின் மேல், கீழ் விளிம்புகளில் துளையிடுவதும் வெல்டிங் வைப்பதும் அதன் வலுவைக் குலைக்கும் என்பதை இவர்கள் விதியாகவே வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே தளத்தைச் செசியோடு இணைத்திருக்கும் போல்ட்டுகளுக்கு அருகே சுமையைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். 9500 இறாத்தல் வகை வின்சுகளின் அடித்துளைகள் பெரும்பாலும் 254க்கு 114.3 மில்லிமீற்றர் என்ற அளவிலேயே இருப்பதால், அந்த அளவில் முன்கூட்டியே வெட்டிய தகடுகளைப் பட்டறையில் அடுக்கிவைத்திருக்கிறார்கள். நாளை வின்சை மாற்றினாலும் தகடு மாற வேண்டியதில்லை.

நாங்கள் அங்கிருந்த வேளையில் மலையகத்திலிருந்து ஒருவர் தமது ஜீப்பின் முன் பம்பரில் வின்ச் பூட்டுவதற்காக வந்திருந்தார். எங்கள் விடயம் அதுவன்று என்றாலும், அவருக்குச் சொல்லப்பட்டதைக் குறித்துக்கொண்டேன். தனியாகப் பயணம் செய்பவர் சேற்றிலிருந்து தம்மை முன்னோக்கி இழுத்துக்கொள்ள முன்புறமே ஏற்ற இடம். எனினும் 40 கிலோகிராம் வின்சும் 50 கிலோகிராம் இரும்பு பம்பரும் முன் அச்சுக்கு வெளியே தொங்கும்போது, முன் அச்சில் ஏறும் நிறை 90 அன்று, ஏறத்தாழ 113 கிலோகிராம். பின் அச்சு 20 கிலோகிராமுக்கு மேல் இலேசாகிறது. முன்புற ஸ்பிரிங் தாழும். ரேடியேற்றருக்கு வரும் காற்றும் தடைப்படும். மலையில் அதை உணராதவர் காலி வீதியின் நெரிசலில் குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது உணர்வார். காற்றுப்பை உள்ள வாகனமாயின் அதன் உணரிகளையும் நசுங்கும் பகுதியையும் பார்க்காமல் கனமான பம்பரைப் பூட்ட முடியாது. அவ்வகை வாகனங்களைத் தாம் எடுப்பதில்லை என்று வெளிப்படையாகவே கூறினார்கள். இரவில் வீதியோரம் நிறுத்துபவர்களுக்கு, பின்புற இழுவைச் சதுரக் குழாயில் செருகிக் கழற்றும் தொட்டில் முறை ஒன்றையும் காட்டினார்கள். வின்சை வீட்டுக்குள் எடுத்துவைக்கலாம் என்பது நகரத்தில் பெரிய அனுகூலம்தான். ஆனால் கைப்பிடியோடு சேர்த்து 45 கிலோகிராமை மழையில் குனிந்து தூக்கிச் செருக எத்தனை பேர் மனம் வைப்பார்கள் என்பது ஐயமே. பக்கவாட்டு இழுவைக்கும் அந்தத் தொட்டில் ஒத்துவராது.

இரும்பு வேலையில் காட்டிய கவனத்தைப் பட்டறை மின் வேலையில் காட்டவில்லை. ட்ரெய்லர் வின்சுக்கு, இழுக்கும் வாகனத்தின் பற்றரியிலிருந்து கேபிள் இழுத்து, நடுவில் கழற்றக்கூடிய இணைப்பி வைப்பதே அவர்களின் வழக்கம். கேபிளின் விலை குறைவு, வேலை விரைவு என்பது காரணம். 12 வோல்ட் மின்சாரத்தில் இவ்வகை வின்ச் கடும் இழுவையின்போது 300 அம்பியர் வரை எடுக்கக்கூடும். பற்றரியிலிருந்து 9 மீற்றர் தள்ளி வின்ச் இருந்தால், போகவும் வரவும் 18 மீற்றர் செப்பு. 50 சதுர மில்லிமீற்றர் கேபிளாக இருந்தாலும் வழியிலேயே 2 வோல்ட் தொலைந்துபோகும். வேன் சரிவின் நடுவில் நிற்கும்போது மோட்டர் முனகுவதற்கு அதுவே காரணமாகும். நாங்கள் வற்புறுத்திய பிறகே ட்ரெய்லரின் முன்புறத்தில் தனிப் பற்றரி வைத்து, அதற்கு ஓட்டத்தில் மின்னேற்றம் வரும்படி மெல்லிய கம்பி ஒன்றையும் இணைத்தார்கள். வின்ச் பூட்டும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே பற்றரிக்கான இடத்தையும் தேர்ந்தெடுப்பது முறை. இவர்களின் நூல் பற்றரிப் பக்கம் போவதில்லை. பற்றரியைத் துண்டிக்கும் முதன்மை ஆளியும் நாங்கள் கேட்ட பின்னரே வந்தது. எப்போதும் மின்னோட்டமுள்ள தடித்த கேபிள் ஒன்று இரும்புச் சட்டத்தில் உரசிக்கொண்டிருக்கும் வாகனத்தில், அது கேட்டு வாங்க வேண்டிய பொருளாக இருக்கக்கூடாது.

லொறியில் இந்தப் பிரச்சினை எழவில்லை. எங்கள் எல்ஃப் 24 வோல்ட் என்பதால் வின்சையும் 24 வோல்ட்டிலேயே வாங்கியிருந்தோம். அதே வலுவுக்கு மின்னோட்டம் பாதியாகிறது, பற்றரியும் கபினுக்கு அருகிலேயே உள்ளது. மலிவாகக் கிடைக்கிறது என்று 12 வோல்ட் வின்சை வாங்கி, இரண்டு பற்றரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் மின் எடுப்பவர்களை நான் அறிவேன். இரண்டு பற்றரிகளும் சமமின்றி மின்னேறி, ஒன்று விரைவில் சாகும்.

கயிற்றைப் பற்றியும் ஒரு சொல். இலேசானது, அறுந்தாலும் கம்பியைப் போல் சீறி அடிக்காது என்பதற்காகச் செயற்கை நாரிழைக் கயிற்றை இன்று பலர் விரும்புகிறார்கள். ஜீப்பில் வெளியே இழுத்து உள்ளே சுற்றுபவருக்கு அது ஏற்றதே. ட்ரெய்லரிலும் லொறித் தளத்திலும் நாம் வாகனத்தை ஏற்றுவதோடு நிற்பதில்லை. சுமையோடு மெல்ல இறக்கவும் வேண்டியிருக்கிறது. பல வின்சுகளில் பிரேக் டிரம்முக்கு உள்ளேயே இருப்பதால், இறக்கும்போது டிரம் சூடேறுகிறது. அந்த இழை 145 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். வெயிலும் அதற்குப் பகை. நாகமுலாம் பூசிய கம்பிக் கயிற்றையே பட்டறை பரிந்துரைத்தது, நாங்களும் அதையே ஏற்றோம். கயிறு வெளியேறும் வாயிலில் அதற்குரிய நான்கு ரோலர்ச் சட்டமே இருக்கிறது. ஏற்றிய வாகனத்தை ஓட்டத்தில் பிடித்துக்கொள்வது வின்சின் வேலையன்று என்பதால், சக்கரப் பட்டிகளுக்கான கொழுவல் வளையங்களையும் நான்கு மூலைகளிலும் அவர்களே ஒட்டித் தந்தார்கள்.

வண்ணப்பூச்சு மோசம். ஒட்டிய இடங்களைச் சரியாகச் சுரண்டாமல் பூசியதால், கடற்காற்று உள்ள கொட்டாஞ்சேனையில் முதல் மழைக்காலத்திலேயே துரு எட்டிப் பார்த்தது. கொண்டுபோய்க் காட்டியபோது மறுப்பேதும் சொல்லாமல் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு இட்டு மீண்டும் பூசித் தந்தார்கள், கட்டணம் கேட்கவில்லை. எனினும் அந்த வேலையைத் தொடக்கத்திலேயே வேறொரு பூச்சுக்காரரிடம் கொடுப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

கட்டணம் ஒவ்வொன்றுக்கும் வின்சின் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக வந்தது. இது பஞ்சிகாவத்தையில் மற்ற இடங்களில் கேட்கப்படுவதை விட அதிகம். இரும்பின் தடிப்பையும், நூலோடு செலவிட்ட நேரத்தையும் பார்த்தால் நான் அதை அதிகமாகக் கருதவில்லை. எழுத்தில் மதிப்பீட்டுத் தாள் கொடுப்பதில்லை. வரைபடம் சுண்ணக்கட்டியால் தரையில்தான். அளவுகளைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது. மின் வேலைக்குத் தனியாக ஒரு வாகன மின் தொழிலாளியை ஏற்பாடு செய்துகொண்டு, ட்ரெய்லரையோ லொறியையோ வெறுமனே கொண்டுசெல்லாமல், வழமையாக ஏற்றும் வாகனங்களில் தாழ்ந்த இழுவை வளையமுள்ள ஒன்றையும் கூட்டிச் செல்ல வேண்டும். சந்து ஒடுங்கியது; ட்ரெய்லரோடு செல்பவர்கள் காலை எட்டு மணிக்கு முன் உள்ளே போய்விட்டால் மாலை வரை எவருக்கும் வழிவிட வேண்டியிராது.